ரோட்ஸ் தீவும் அம்மாவின் முழங்கால்களும்

பெட்டியின் சக்கரம் கழன்ற இடத்தை இப்போதும் என்னால் காட்ட முடியும். கிரேக்க நாட்டின் ரோட்ஸ் தீவில், பழைய நகரத்தின் கோட்டை வாசலைத் தாண்டி ஐம்பது அடிகூடப் போயிருக்க மாட்டோம். டாக்சிக்காரர் வாசலோடு இறக்கிவிட்டு, உள்ளே வண்டி போகாது என்று கையை விரித்துவிட்டார். விடுதியோ உள்ளே நான்காவது சந்தில். அந்தச் சந்துகளில் சிமெண்டுத் தரையும் இல்லை, பாவுகல்லும் இல்லை. கடற்கரைக் கூழாங்கற்களை நெருக்கி நெருக்கி நெட்டுக்குத்தாக நட்டுவைத்திருக்கிறார்கள். ஹொக்லாகி என்று அதற்குப் பெயர். பார்க்க வெகு அழகு. பெட்டியை உருட்டினால் தெருவே விழித்துக்கொள்ளும். எங்கள் பெட்டி கடகடவென்று நான்கு வீடு தாண்டியது. ஐந்தாவது வீட்டு வாசலில் ஒரு சக்கரம் கழன்று தன் பாட்டுக்கு ஓடியது. சுவரோரம் படுத்திருந்த பூனை ஒன்று அதைத் துரத்திக்கொண்டு போனது.

அம்மா பக்கத்திலிருந்த படியில் உட்கார்ந்துவிட்டாள். "பெட்டிக்கே இந்தக் கதி என்றால் என் முழங்காலுக்கு என்ன ஆகப்போகிறதோ," என்றாள்.

அடுத்த ஆறு நாட்களுக்கு எங்கே போவது, எத்தனை மணிக்குப் போவது, எங்கே உட்காருவது என்பதையெல்லாம் அந்த முழங்கால்கள்தான் தீர்மானித்தன. சென்னையில் உட்கார்ந்து நான் மணிக்கணக்குப் போட்டு எழுதிவைத்திருந்த திட்டத்தை அன்றிரவே கிழித்துப்போட்டேன். இப்போது யோசித்தால் அது பெரிய நஷ்டமில்லை.

ரோட்ஸ் போக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. நாகப்பட்டினத்தில் 31 வருடம் வரலாற்று ஆசிரியையாக இருந்தவள். பண்டைய உலகின் ஏழு அதிசயங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கரும்பலகையில் ரோட்ஸ் சிலையை வரைந்து காட்டுவாளாம். துறைமுக வாயிலின் இரு கரையிலும் கால்களை அகட்டி ஊன்றி நிற்கிற வெண்கல ராட்சதன், அவன் கால்களுக்கு நடுவே பாய்விரித்து நுழைகிற கப்பல். "சிலை இல்லாவிட்டால் போகிறது, அது நின்ற துறைமுகத்தையாவது ஒரு தரம் பார்த்துவிட வேண்டும்," என்று பென்ஷன் பணத்தில் சேர்த்துவைத்திருந்தாள்.

ஆகவே முதல் மாலையே மந்த்ராகி துறைமுகத்துக்குப் போனோம். வாயிலின் இரு பக்கமும் இரண்டு தூண்கள். ஒன்றின் உச்சியில் ஆண் மான், மற்றதில் பெண் மான். பின்னால் மூன்று பழைய காற்றாலைகள். அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாயிலின் அகலத்தைக் கண்ணால் அளந்தாள். "இவ்வளவு அகலத்துக்கா காலை அகட்டினான்?" என்றாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டு, விமானத்தில் படித்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

கி.மு. 305-இல் டெமெட்ரியஸ் என்ற மாசிடோனியத் தளபதி இந்த ஊரை முற்றுகையிட்டார். ஓராண்டு முயன்றும் ஊர் விழவில்லை. முற்றுகை இயந்திரங்களைப் போட்டுவிட்டுப் புறப்பட்டுப் போனார். ஊர்க்காரர்கள் அவற்றை விற்ற பணத்தில் தங்கள் சூரியக் கடவுள் ஹீலியோஸுக்குச் சிலை எழுப்பினார்கள். இதே தீவின் லிண்டோஸ் ஊரைச் சேர்ந்த காரெஸ்தான் சிற்பி. 12 ஆண்டு வேலை, சுமார் 33 மீட்டர் உயரம். கி.மு. 226 வாக்கில் வந்த நிலநடுக்கத்தில் சாய்ந்தது. திரும்ப நிறுத்தப் பணம் தருகிறேன் என்று எகிப்து மன்னர் மூன்றாம் தாலமி சொல்லியும், குறி கேட்டதில் கூடாது என்று வந்ததால் ஊர்க்காரர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். பல நூற்றாண்டு அது கிடந்த கோலத்திலேயே வேடிக்கைப் பொருளாக இருந்தது. அதன் கட்டைவிரலைக் கட்டிப்பிடிக்கவே சிலரால்தான் முடியும் என்று ரோமானியரான பிளினி எழுதிவைத்திருக்கிறார். கால் அகட்டிய கதையெல்லாம் பிற்கால ஐரோப்பியர்களின் கற்பனை. 33 மீட்டர் சிலை இத்தனை அகலத்துக்குக் கால் விரிக்க முடியாது. அப்படிக் கட்டுவதென்றால் துறைமுகத்தையே வருடக்கணக்கில் மூடிவைத்திருக்க வேண்டும்.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. "31 வருடம் பிள்ளைகளுக்குத் தப்பாக வரைந்து காட்டியிருக்கிறேன்," என்றாள். பேச்சை மாற்றலாமென்று, சிலை முழங்காலில்தான் முறிந்தது என்று பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருப்பதைச் சொன்னேன். சட்டென்று திரும்பினாள். "முழங்காலிலா?"

"ஆமாம் அம்மா."

"வெண்கலத்துக்கே தாங்கவில்லை," என்றாள். அதற்குப் பிறகு முகம் தெளிந்துவிட்டது.

இனி, போக நினைப்பவர்களுக்கு. பழைய நகரத்துக்குள்ளே தங்கலாமா என்று கேட்டால், தங்குங்கள் என்றுதான் சொல்வேன், சக்கரம் போன பிறகும். ஆனால் பெட்டி தோளில் மாட்டுகிற மாதிரி இருக்கட்டும். எந்தக் கோட்டை வாசல் பக்கம் என்பதை விடுதிக்காரரிடம் முன்பே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மதில் சுற்றளவு 4 கிலோமீட்டர், வாசல்கள் பல. தப்பான வாசலில் இறங்கினால் கூழாங்கல்லில் நடந்தே தீர வேண்டும். செருப்பு விஷயத்தில் அழகு பார்க்காதீர்கள். தடித்த ரப்பர் அடிப்பாகம் உள்ள பழகிய ஷூ மட்டுமே உதவும். அம்மாவின் புதுச் செருப்பு முதல் நாளோடு பெட்டிக்குள் போய்விட்டது.

உள்ளே தங்குவதன் பலன் காலை ஏழு மணிக்குத் தெரியும். சுற்றுலாக் கப்பல்கள் மதிலுக்கு வெளியே வந்து நின்று ஆட்களை இறக்கும். பத்து மணிக்கு மேல் மாலை வரை மாவீரர் தெருவில் மூச்சுவிட இடமிருக்காது. நாங்கள் போனபோது ஒரு தெருக்கூட்டுபவரும் நான்கு பூனைகளும் மட்டும். சுமார் 200 மீட்டர் தெரு. இரு பக்கமும் தேன்நிறக் கல் கட்டடங்கள். ஜெருசலேமில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கி, போர்வீரர்களாக மாறிய செயின்ட் ஜான் மாவீரர்கள் 1309 முதல் 1522 வரை இந்தத் தீவை ஆண்டார்கள். பேசுகிற மொழியை வைத்துத் தங்களைப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சத்திரம் கட்டினார்கள். வாசலுக்கு வாசல் கல்லில் வெட்டிய சின்னம். அம்மா ஒவ்வொரு வாசற்படியிலும் உட்கார்ந்து எழுந்ததில் அந்த 200 மீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. உட்கார்ந்த இடத்தில் எனக்குப் பாடம் நடந்தது. 1480-இல் துருக்கியர் வந்து தோற்றுப் போனது, 1522-இல் சுல்தான் சுலைமான் தானே படையோடு வந்தது, ஆறு மாத முற்றுகைக்குப் பிறகு மாவீரர்களை ஆயுதங்களோடு கௌரவமாக வெளியேற விட்டது, அவர்கள் 1523 ஜனவரி 1 அன்று கப்பலேறியது, பிறகு மால்டாவில் குடியேறியது. எட்டாம் வகுப்பில் நான் தூங்கிய பாடம் இது.

தெருவின் உச்சியில் இருக்கிற, மாவீரர்களின் மகாத்தலைவர் வாழ்ந்த அரண்மனையைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். இன்று நிற்பது பெரும்பாலும் 1930-களின் கட்டடம். பழையது 1856-இல் வெடிமருந்து வெடித்துச் சிதைந்துவிட்டது. 1912 முதல் தீவை வைத்திருந்த இத்தாலியர்கள் அதைத் தங்கள் விருப்பத்துக்குத் திரும்பக் கட்டி, பக்கத்துத் தீவான கோஸிலிருந்து பழங்கால மொசைக் தரைகளைப் பெயர்த்துவந்து பதித்தார்கள். பாம்புக் கூந்தல்காரி மெதூசாவின் தலை மொசைக்கின் முன்னால் நின்று அம்மா சொன்னாள்: "அடுத்த வீட்டு வாசற்கோலத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்து நம் வாசலில் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது." எனக்கென்னவோ அரண்மனையைவிட, மாவீரர்களின் பழைய மருத்துவமனையில் இருக்கிற தொல்லியல் அருங்காட்சியகம்தான் பிடித்தது. நோயாளிகள் படுத்திருந்த நீண்ட கூடம், குளித்துவிட்டுக் கூந்தலை விரித்துப் பிடித்தபடி குந்தியிருக்கும் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டின் சிறிய பளிங்குச் சிலை, நிழலான முற்றம். முற்றத்தில் உட்கார இடமுண்டு. ஊரில் எங்கெங்கே உட்கார இடமுண்டு என்பதில் நான் இப்போது நிபுணி.

அப்படி உட்கார இடம் தேடித்தான் பழைய யூதர் குடியிருப்புக்குப் போனோம். கடற்குதிரைகள் வைத்த ஒரு நீரூற்று, சுற்றிலும் உணவகங்கள், நிழல், பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். அம்மா நீரூற்றின் விளிம்பில் உட்கார்ந்தாள். எதிரே ஒரு கறுப்புக் கல் தூண். பல மொழிகளில் ஏதோ எழுதியிருந்தது. எழுந்து போய்ப் படித்தேன். 1944 ஜூலையில் இந்தத் தீவின் யூதர்களை ஜெர்மானியர்கள் கப்பலேற்றி ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். போனவர்கள் 1,600-க்கும் அதிகம். உயிர் பிழைத்தவர்கள் ஏறக்குறைய 150 பேர். அப்போது இங்கே துருக்கியத் துணைத் தூதராக இருந்த செலாஹத்தின் உல்குமென் சுமார் நாற்பது பேரைத் துருக்கியக் குடும்பத்தார் என்று வாதாடி மீட்டிருக்கிறார். இரண்டு சந்து தள்ளி, 1577-இல் கட்டிய காஹால் ஷாலோம் தொழுகைக்கூடம் இருக்கிறது. கிரேக்க நாட்டில் இன்றும் நிற்கிற தொழுகைக்கூடங்களில் மிகப் பழையது அதுதான். தரை முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கூழாங்கல். வெளியே வந்ததும் உணவகப் பையன் மெனு அட்டையை நீட்டினான். எங்களால் அந்தச் சதுக்கத்தில் சாப்பிட முடியவில்லை.

சாப்பாடு. சைவக்காரர்களுக்குக் கிரேக்கம் நல்ல நாடு. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. இங்கே பெரும்பாலோரான ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு வருடத்தில் ஏறக்குறைய பாதி நாட்கள் நோன்பு. நோன்புச் சாப்பாட்டில் இறைச்சி, பால், முட்டை கிடையாது. அதற்கு நிஸ்தீசிமோ என்று பெயர். இந்த ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு போனால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். இரண்டாம் நாள் மதியம் பெருமையாகச் சொன்னேன். பரிமாறுபவருக்கும் மகிழ்ச்சி. கால் மணி நேரத்தில் ஆலிவ் எண்ணெய் மினுங்க ஒரு தட்டு வந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இது கணவாய்," என்றாள்.

"இல்லை அம்மா, ஏதோ காளான்..."

"நாகப்பட்டினத்தில் பிறந்தவளிடம் கணவாயைக் காளான் என்கிறாயா?"

நோன்பில் இரத்தமில்லாத கடல் உயிர்களுக்குத் தடையில்லை. கணவாய், இறால், சிப்பி எல்லாம் நிஸ்தீசிமோதான். தப்பு முழுக்க என்னுடையது. சரியான வழி, மெனுவில் லாதெரா என்ற பகுதியைப் பார்ப்பது. ஆலிவ் எண்ணெயில் தக்காளியோடு மெதுவாக வேகவைத்த காய்கறிகள்: பீன்ஸ், வெண்டைக்காய், கத்திரிக்காய். பெரிய வெள்ளை மொச்சை போன்ற யீகாந்தெஸ். அரிசி அடைத்த தக்காளி, குடைமிளகாய் கேட்கும்போது உள்ளே கொத்துக்கறி உண்டா என்று மட்டும் விசாரியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிதரூதியா. கொண்டைக்கடலை, தக்காளி, வெங்காயம், புதினா போட்டுப் பொரித்தெடுப்பது. ரோட்ஸ் தீவின் சொந்தப் பண்டம். அம்மா ஒன்றைப் பிட்டு, மோந்து, தின்று, "கொஞ்சம் சோம்பு போட்டிருந்தால் வடையே," என்று சான்றிதழ் கொடுத்தாள். அடுத்த நான்கு நாளும் அதுதான். கேட்காமல் மேசைக்கு வருகிற ரொட்டிக்குக் காசு உண்டு, அதிர்ச்சி அடைய வேண்டாம்.

காபியில் இன்னொரு குழப்பம். கிரேக்கத்தில் ஆமாம் என்பதற்கு நே. இல்லை என்பதற்கு ஓஹி. அம்மா காபி கிடைக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்க, கடைக்காரப் பெரியவர் "நே, நே" என்றார். அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவர் பதறிப்போய்க் கையைப் பிடிக்காத குறையாக உட்காரவைத்தார். இல்லை என்பதைப் பல நேரம் வாயால் சொல்லவும் மாட்டார்கள். புருவத்தைத் தூக்கி, தலையை லேசாகப் பின்னுக்குச் சாய்த்து ஒரு ச்சு. அந்த ச்சு மட்டும் அம்மாவுக்கு உடனே புரிந்தது, நாகப்பட்டினத்திலும் அது இல்லைதானே. காபியைச் சர்க்கரை அளவு சொல்லித்தான் கேட்க வேண்டும். மெட்ரியோ என்றால் நடுத்தரம். அடியில் கிடக்கும் மண்டியைக் கலக்கிக் குடித்துவிடாதீர்கள்.

பஸ் பற்றி. தீவின் கிழக்குக் கரைக்கு ஒரு நிலையம், மேற்குக் கரைக்கு இன்னொன்று. இரண்டும் புதிய சந்தைக்கு அருகில் கிட்டக்கிட்ட இருக்கின்றன. லிண்டோஸ் கிழக்கு. நான் மேற்கு நிலையத்தில் நாற்பது நிமிடம் நின்றேன். கார் எடுத்திருக்கலாம். ஆனால் நம் ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு அனுமதியும் வேண்டும், அதைப் புறப்படும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கியிருக்க வேண்டும். கடைசி வாரத்துக்கு ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு விட்டுவிட்டேன். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் வாங்காததும் நல்லதுக்கே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

விசாவில் நான் தப்பித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். மந்த்ராகியில் வரிசையாகச் சிறு கடைகள் போட்டுத் துருக்கியின் மர்மரிஸ் ஊருக்கு ஒரு நாள் படகுப் பயண டிக்கெட் விற்கிறார்கள். எதிர்க்கரை கண்ணுக்கே தெரியும். காலையில் போய் மாலையில் திரும்பலாம். பணத்தை எடுத்து நீட்டிவிட்டேன். அம்மாதான், "வேறு நாடு ஆயிற்றே, பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொண்டாயா?" என்றாள். எங்களுடையது ஐரோப்பிய நாடுகளுக்குள் ஒருமுறை நுழைவதற்கான ஷெங்கன் விசா. துருக்கியில் காலை வைத்துவிட்டால் திரும்பி ரோட்ஸுக்குள் வர முடியாது. பெட்டி, மருந்து, திரும்புகிற டிக்கெட் எல்லாம் இக்கரையில் கிடக்கும். டிக்கெட் விற்பவர் இதையெல்லாம் கேட்கமாட்டார். அந்தப் பயணம் மனதில் இருந்தால், பலமுறை நுழையும் விசாவுக்கே விண்ணப்பியுங்கள், துருக்கி விசாவும் தனியாக எடுங்கள். இன்னொன்று: ஏதென்ஸிலிருந்து ரோட்ஸுக்கு ஒரு மணி நேர விமானத்தை நான் தனி டிக்கெட்டாக எடுத்தேன். சென்னையில் அனுமதித்த எடை அங்கே செல்லவில்லை. கூடுதல் கட்டணம் அழுதேன். சக்கர நாற்காலி உதவி மட்டும் டிக்கெட் எடுக்கும்போதே பதிந்தால் இலவசம். அதைச் சரியாகச் செய்திருந்தேன்.

கடல். நகரத்தின் நுனியில் இருக்கிற எல்லி கடற்கரை படங்களில் பார்த்த அதே நீலம்தான். ஆனால் அங்கே மணல் இல்லை, பரல் கல். கரை சட்டென்று சரிகிறது. அம்மா இரண்டு அடி வைத்தாள், கல் நழுவியது, நான்கு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். பொதுவாக, மேற்குக் கரை காற்றும் கல்லும். கிழக்குக் கரையில்தான் மணலும் அமைதியும். ஃபாலிராகி நீண்ட மணல் கரை, நெடுந்தூரம் இடுப்பளவு தண்ணீர். வயதானவர்களுக்கும் நீச்சல் தெரியாதவர்களுக்கும் அதுவே உத்தமம். அம்மா சுடிதாரோடு இறங்கிக் கழுத்தளவில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. தண்ணீருக்குள் முழங்கால் வலியே தெரியவில்லை என்றாள். ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நாங்கள் போனது செப்டம்பர் கடைசி. வெயில் தணிந்திருந்தது, கடல் மட்டும் கோடையின் வெதுவெதுப்பை இன்னும் விடவில்லை. ஜூலை, ஆகஸ்ட் எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டாம். சூடு ஒரு பக்கம், காட்டுத்தீ பயம் மறுபக்கம். 2023 ஜூலையில் தீவின் தென்பகுதி பற்றி எரிந்து சுமார் 19,000 பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. நவம்பரில் போனால் பாதி விடுதிகள் பூட்டியிருக்கும்.

லிண்டோஸுக்கு ஐந்தாம் நாள் முதல் பஸ்ஸில் போனோம், ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வெள்ளை வீடுகளுக்கு மேலே 116 மீட்டர் பாறை. அதன் உச்சியில் கிரேக்கப் பெண் தெய்வம் அதீனாவின் கோவில், சுற்றிலும் மாவீரர்கள் கட்டிய கோட்டை. சுமார் 300 படி. கீழே கழுதைகள் வரிசையாக நின்றன. ஒரு கழுதை மேல் 100 கிலோவுக்கு மேலோ, அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலோ ஏற்றக்கூடாது என்று 2018-இலேயே அரசு விதி போட்டிருக்கிறது. அம்மாவுக்கு விதி தேவைப்படவில்லை. "வாயில்லா ஜீவன். அதற்கும் முழங்கால் இருக்கிறது. நீ போய்விட்டு வா," என்று ஊர்ச் சதுக்கத்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

தனியாக ஏறினேன். பாதி வழியில், பாறையிலேயே செதுக்கிய ஒரு போர்க்கப்பலின் பின்பகுதி. கி.மு. 2-ஆம் நூற்றாண்டு வேலை. வளைந்து மேலெழும் அதன் முனையைப் பார்த்துக்கொண்டு நின்றதில் பின்னால் வந்தவர்கள் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். உச்சியில் தூண்கள், அவற்றுக்கு இடையில் கடல். நிழல் என்று ஓர் அங்குலம் இல்லை. ஆயிரக்கணக்கான கால்கள் தேய்த்த பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் வழுக்குகிறது. இறங்கும்போது இரண்டு பேர் விழுந்ததைப் பார்த்தேன். ஒன்பதரை மணிக்கு நான் இறங்கியபோது ஏறுகிற வரிசை கடைத்தெரு வரை வந்துவிட்டது.

மரத்தடியில் அம்மாவுக்குப் பக்கத்தில் கறுப்பு உடையில் ஒரு பாட்டி. நடுவில் விரித்த கைக்குட்டையில் எங்கள் வீட்டு எள்ளுருண்டை. பால் பண்டங்களை ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக்கூடாது என்பதால் அம்மா எள்ளுருண்டைதான் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பாட்டி ஒன்றைத் தின்றுவிட்டு எழுந்து போய், எள்ளும் தேனும் ஆரஞ்சுத்தோல் மணமுமாக ஒரு வில்லையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மெலெகூனி. கல்யாணங்களில் கொடுப்பார்களாம். இதை எந்த மொழியில் பேசித் தெரிந்துகொண்டாள் என்று அம்மா இன்றுவரை சொல்லவில்லை.

கடைசி நாள் ஒரு டாக்சியை அரை நாளுக்குப் பேசி சாம்பிகா கடற்கரைக்குப் போனோம். தீவிலேயே நல்ல மணல் அங்கேதான். போகிற வழியில் ஓட்டுநர் மலையுச்சியில் தெரிந்த வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். சாம்பிகா மாதா மடம். குழந்தை வேண்டுகிற பெண்கள் வெறுங்காலோடு ஏறுவார்கள். பிறந்தால் ஆணுக்குச் சாம்பிகோஸ், பெண்ணுக்குச் சாம்பிகா என்று பெயர் வைப்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே ஆள் ரோட்ஸ்காரர் என்று நாடு முழுக்கத் தெரியும். செப்டம்பர் 8 திருவிழா.

"செப்டம்பர் எட்டா?" என்றாள் அம்மா. "நம் வேளாங்கண்ணிக்கும் அன்றுதானே."

வருடா வருடம் எட்டாம் தேதி பஸ் பிடித்து வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, திரும்புகிற வழியில் நாகை பெரிய கோவிலிலும் கும்பிட்டுவிட்டு வருகிறவள் அவள். இந்த வருடம் பயண ஏற்பாட்டில் போகவில்லை. "வண்டியை அங்கே விடச் சொல்," என்றாள்.

வண்டி பாதி மலை வரை போகிறது. அதற்கு மேல் சுமார் 300 படி. லிண்டோஸில் இருந்த அதே எண்ணிக்கை. நான் வாயைத் திறக்கவில்லை. செருப்பைக் கழற்றட்டுமா என்று கேட்டதற்கு மட்டும் கூடாது என்று அதட்டினேன். பத்துப் படிக்கு ஒரு தரம் நின்றாள். முப்பதுக்கு ஒரு தரம் பைன் மரத்தடியில் உட்கார்ந்தாள். எங்களைத் தாண்டிப் போன ஓர் இளம்பெண்ணின் பாதங்கள் வெறுமையாக இருந்தன. அம்மா அவளைப் பார்த்துத் தலையசைத்தாள், அவளும் அசைத்தாள். ஐம்பது நிமிடம் ஆயிற்று. மேலே ஒரு சின்ன வெள்ளைக் கோவில், அவ்வளவுதான். உள்ளே மாதா படத்தின் அருகே நேர்த்திக்கடன் வெள்ளித் தகடுகள். குழந்தை உருவம், கை, கால். அம்மா கால் உருவத் தகட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். மெழுகுவர்த்தி ஏற்றினாள். என் தம்பிக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

இறங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எமன், ஊன்றுகோல் ஒன்று பெட்டியில் இருந்திருக்க வேண்டும். என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக வைத்தாள். விமானத்துக்கு நேரம் இருந்தது. கடற்கரைக்குப் போக நேரமில்லை. ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். கதவுச் சத்தத்தில் எழுந்து, அம்மாவின் வேர்த்த முகத்தைப் பார்த்துவிட்டு, நம்பாமல் விரலால் மலையுச்சியைக் காட்டி என்னவோ கேட்டார்.

"நே, நே," என்றாள் அம்மா, முழங்காலைத் தடவிக்கொண்டே.